நான்காவது சீட்டு

எங்கள் ஊர்க் கடற்கரை மைதானத்தில் நடந்த மூன்று நாள் இசைவிழாவுக்கு எந்தப் பாடகரைக் கூப்பிடுவது என்று முடிவெடுத்த குழுவில் நான் செயலாளர். இதைச் சொன்னதும் சிலர் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிடுகிறார்கள். நான் உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். சென்னைக்கு மின்னஞ்சல் எழுத ஒரு ஆள் தேவைப்பட்டது. கூட்டத்தில் கதைப்பதைக் கொப்பியில் எழுத ஒரு ஆள் தேவைப்பட்டது. வந்திருப்பவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கவும் ஒரு ஆள் தேவைப்பட்டது. குழுவில் இருந்த ஆண்கள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மூன்றுக்கும் சேர்த்து நான் அகப்பட்டேன்.

அந்த விழாவைப் பற்றி ஊரில் இன்றைக்கும் பெருமையாகக் கதைக்கிறார்கள். எத்தனை சனம், எத்தனை வாகனம், மேடை எவ்வளவு பெரிசு என்று. அந்தக் கதை தொடங்கினாலே எனக்கு எழும்பி அடுப்படிக்குப் போய்விடத் தோன்றும். எனக்கு அந்த விழா என்றால் அண்ணைதான் நினைவு.

அண்ணை துறைக்குப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். நகக்கண்ணில் எப்போதும் எண்ணெய்க் கறுப்பு இருக்கும். எங்கள் ஊர் இசைக்குழுவில் முப்பது வருடத்துக்கு மேலாக அவர்தான் முன்னுக்கு நின்று பாடுகிறவர். வல்வெட்டித்துறையிலிருந்து சாவகச்சேரி வரைக்கும் அவர் பாடாத கோயில் வீதி குறைவு. உழவு இயந்திரப் பெட்டியில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து போய்ப் பாடிவிட்டு, திரும்பி வந்து அதே சட்டையோடு கடையைத் திறந்த நாட்கள் உண்டு. அவருக்கு அதில் எந்தக் குறையும் இருந்ததாக நான் கண்டதில்லை. பாடினால் சரி, அவ்வளவுதான்.

விழாவுக்கு நாலைந்து மாதம் இருக்கும்போது அவருக்குக் குரல் அடைக்கத் தொடங்கியது. தடிமன் என்று நினைத்து மிளகும் கற்கண்டும் சப்பினார். கொத்தமல்லி குடித்தார். பிறகு நான்தான் இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். தொண்டை டொக்டர் இளம் பிள்ளை, ஆனால் நிதானமானவர். மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் ஒரு கட்டி இருக்கிறது, வெட்டி எடுக்கத்தான் வேண்டும் என்றார்.

"எடுத்தால் பிறகு கதைக்கலாமோ டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"கதைக்கிறதுக்குப் பிரச்சினை வராது. நீங்கள் பாடுறனீங்கள் எண்டு சொல்லுறியள். அதுக்கு மட்டும் நான் வாக்குத் தரமாட்டன். அதுவரைக்கும் குரலை அலட்டாதேங்கோ."

ஒப்பரேஷனுக்குத் தந்த திகதி, விழா முடிந்து ஒன்பதாம் நாள். திரும்பி வரும்போது பஸ் வல்லை வெளியைத் தாண்டியதும் அண்ணை கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"உங்கடை மேடையிலை ஒரு பாட்டு. ஒண்டே ஒண்டு. முன்னுக்குச் சனம் இருக்க வேணும். பேந்து டொக்டர்மார் வெட்டட்டும்."

"பாடுவியள் அண்ணை. நான் குழுவிலை சொல்லுறன்."

"என்னெண்டு சொல்லுவாய்? வருத்தக்காரன், பாவம், ஒரு பாட்டுக் குடுங்கோ எண்டோ? அப்பிடித் தாற மேடை எனக்கு வேண்டாம் தங்கச்சி. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. உன்ரை அண்ணிக்கும் இது சின்னக் கட்டி எண்டுதான் சொல்லப்போறன்."

நான் ஓம் என்றேன். யோசிக்காமல் சொன்ன ஓம் அது. அதற்குப் பிறகு எத்தனையோ தரம் என் நாக்கைக் கட்டிப்போட்டது அந்த ஒரு சொல்தான்.

இன்னொரு கட்டும் இருந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். தலைவர் தன் மருமகளின் நடனப் பள்ளியை நிகழ்ச்சி நிரலில் கூசாமல் சேர்ப்பார், அது ஊக்குவிப்பு. செயலாளர் தன் அண்ணன் பெயரைச் சொன்னால் அது பக்கச்சார்பு. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஊரில் பிறந்தவளுக்குத் தெரியும்.

கூட்டம் ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் ஆறு மணிக்குத் தலைவர் வீட்டு முன்விறாந்தையில் நடக்கும். தலைவர் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சின் அறையில் கத்திக் கத்திப் பழகி, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்பதையும் அடுத்த வீட்டுக்குக் கேட்கச் சொல்லுவார். மேசையில் ஒரு கணினி. அதற்குள் மூன்று முகங்கள். விழாவுக்குக் காசு தந்த, வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் அவர்கள். நாங்கள் அவர்களைக் கனடா, லண்டன், சுவிஸ் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். கனடா கோபித்துக்கொண்டு போய்விட்டார், சுவிஸுக்குப் பல் வலி என்று நாங்கள் கதைப்பதை வெளியாள் கேட்டால் ஏதோ உலகச் செய்தி என்று நினைப்பான்.

தகராறு ஒன்றே ஒன்றுதான். கடைசி நாள் மேடைக்கு யார் மெயின் ஆள்? சுவரொட்டியில் யாருடைய படம் பெரிசாக வருவது? கனடாவுக்கு, தான் ஊரை விட்டுப் போகும்போது கசெட்டில் கேட்டுக்கொண்டு போன மூத்த பாடகர் வேண்டும். அவருக்கு இப்போது மேடை ஏற இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. லண்டனுக்கு, பொடியன்கள் எல்லோருடைய போனிலும் பாடிக்கொண்டிருக்கிற இளம் பாடகர் வேண்டும். சுவிஸுக்கு, தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற ஒரு சின்னப் பெண் வேண்டும். அந்தப் பிள்ளை பாடும்போது தன் மனைவி அழுகிறாளாம். மூவருமே சென்னையில் இருந்தார்கள். அதில் மட்டும் யாருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

ஒரு ஞாயிறு நான் துணிந்து, "உள்ளூர் ஆக்களையும் ஒருக்கா யோசிக்கலாமே" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லண்டன் சிரித்தார்.

"ரீச்சர், உள்ளூர் ஆக்களை உள்ளூர்ச் சனம் எந்த நாளும் பாக்குதுதானே. பேந்து ஏன் மேடை?"

தலைவர் என்மேல் இரக்கப்பட்டு, கடைசி நாள் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை உள்ளூர்க் கலைஞர்களுக்கு என்று எழுதச் சொன்னார். மருமகளின் நடனப் பள்ளி அதற்குள் ஏற்கெனவே பாதி நேரத்தைப் பிடித்துவிட்டது. மிச்சத்தில் ஊர் இசைக்குழு. அதில் அண்ணைக்கு இரண்டு பாட்டு. நான் அதை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தேன். சந்தோஷத்தில்தான். அவர் கேட்டது ஒன்று, கிடைத்தது இரண்டு.

கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணை கையைத் துணியில் துடைத்தபடி கேட்டார்.

"எத்தினை மணிக்காம்?"

"நாலு மணிக்கு அண்ணை."

"நாலு மணிக்கோ? அந்த வெயிலுக்கை ஆர் வந்து இருக்கப்போகினம்? கதிரைக்கே பாடுறது? அதுக்கு நான் இஞ்சை இருந்து இந்த எஞ்சினுக்குப் பாடிப்போட்டுப் போவன்."

பகிடி மாதிரித்தான் சொன்னார். ஆனால் முகம் சுருங்கிப்போயிருந்தது. கடைசியாகப் பாடப்போகிற ஆளுக்கு வெறும் கதிரைகள். இதை இப்படியே விடக்கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அங்கேதான் நான் பிழைவிட்டேன். அவர் சொன்னது பாதி கோபம், பாதி செல்லம். நான் முழுதாக எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் மூன்று தேசங்களும் நாலு ஞாயிறு சண்டை பிடித்தன. கனடா வட்ஸ்அப் குழுவை விட்டு இரண்டு தரம் வெளியேறினார். இரண்டு தரமும் நான்தான் போன் எடுத்துக் கெஞ்சித் திரும்பச் சேர்த்தேன். கடைசியில் தலைவர் மேசையில் தட்டினார்.

"போதும். அம்மாளிட்டை விடுவம். திருவுளச்சீட்டுப் போடுவம்."

எங்கள் ஊரில் தீராத எதையும் அம்மாளிடம்தான் கொண்டுபோவோம். திருவிழாவில் எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள், இரண்டு சம்பந்தத்தில் எதைச் செய்வது, படகை விற்பதா வைத்திருப்பதா என்று எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதிச் சுருட்டி அம்மன் முன்னால் தட்டில் போட்டு, ஐயர் ஒன்றை எடுப்பார். வந்தது வந்ததுதான். அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. மூன்று தேசங்களும் உடனே சம்மதித்தன. ஒவ்வொருவருக்கும் அம்மாள் தன் பக்கம் என்ற நம்பிக்கை.

சீட்டு எழுதுகிற வேலை செயலாளருக்கு.

வெள்ளிக்கிழமை காலை தலை முழுகிவிட்டு, சாப்பாட்டு மேசையில் இருந்து கொப்பித் தாளை வெட்டினேன். கனடாவின் பாடகர் பெயரை எழுதினேன். லண்டனின் ஆளை எழுதினேன். சுவிஸின் பிள்ளையை எழுதினேன். வெட்டியதில் ஒரு துண்டு மிஞ்சியது. அதைக் கசக்கிப் போட்டிருக்கலாம். நான் அண்ணையின் பெயரை எழுதினேன். நாலாக மடித்தேன். அம்மாளை ஏமாற்றுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் கேட்டால் பக்கச்சார்பு, அம்மாள் கொடுத்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று மட்டும் நினைத்தேன்.

பூசை முடிந்தது. ஐயர் தட்டிலிருந்த சீட்டுகளைப் பூவோடு கலந்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். தலைவரின் மற்றக் கையில் போன். அதில் மூன்று தேசங்களும் பார்த்துக்கொண்டிருந்தன. கனடாவில் அப்போது நடுச்சாமம், மனுஷன் இடுப்பில் கட்டின சாரத்தோடு முழித்திருந்தார். தலைவர் சீட்டைப் பிரித்தார். பழக்கதோஷத்தில் கோயில் முழுவதற்கும் கேட்க வாசித்தார்.

அண்ணையின் பெயர்.

கும்பிட வந்திருந்த சனம் "அம்மாளாச்சி" என்று கையைத் தலைக்குமேல் தூக்கியது. நான் எழுதியதுதான், எனக்குத் தெரியும். ஆனால் நாலில் அதை எடுத்தது நான் இல்லையே. அந்த ஒரு நிமிடம் நான் பட்ட புழுகத்தை, அந்தச் சந்தோஷத்தை, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தலைவர் என்னைக் கோயில் வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ரீச்சர், இதென்ன கூத்து? மூண்டு பேர்தானே கதைச்சது?"

"உள்ளூர் ஆக்களையும் எண்டு ஒரு கூட்டத்திலை கதைச்சதுதானே. கொப்பியிலை இருக்கு. அதுதான் நான் ஒரு பேரையும்..." என்று இழுத்தேன். கொப்பியில் இருந்தது உண்மை. சொன்னது நான்தான் என்பதும் அதே கொப்பியில் இருந்தது.

திரும்பச் சீட்டுப் போடலாமா என்று ஐயரைக் கேட்டார்கள். "அம்மாள் தந்ததைத் திருப்பிக் குடுக்கிறதோ? நான் அந்தத் தட்டைத் தொடமாட்டன்" என்று அவர் உள்ளே போய்விட்டார். போனில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எஞ்சின் திருத்துகிறவரின் படத்தைப் போட்டுச் சுவரொட்டி அடித்தால் யார் வருவான் என்று லண்டன் கேட்டார். நான் அண்ணை என்ன பாடுவார், எந்தச் சட்டை போடுவார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் சுவிஸ்தான் வழி கண்டுபிடித்தார்.

"இஞ்சை கேளுங்கோ. அம்மாள் பேரைத்தான் தந்தவ. பாடச் சொல்லித் தரேல்லையே. அந்த மனுசனுக்குக் கௌரவிப்புச் செய்யச் சொல்லுறா. இவ்வளவு காலம் பாடின கலைஞன். நாங்கள்தான் கவனிக்காமல் விட்டிட்டம்."

பிறகு ஒருவர் மாறி ஒருவர் ஓம் ஓம் என்றார்கள். கனடாவின் கண் கலங்கியது என்று நினைக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு ஒருவரைப் பாட விடுவதைவிட அவருக்குப் பொன்னாடை போர்ப்பது லேசு. செலவும் இல்லை, பயமும் இல்லை, எல்லோருக்கும் மனது நிறைந்துவிடும். பட்டம் என்ன கொடுப்பது என்பதை வீதியில் நின்றே தொடங்கிவிட்டார்கள். மெயின் ஆளாக லண்டனின் இளம் பாடகர்தான் வருவார் என்றும் அங்கேயே முடிவாகிவிட்டது. அந்தத் திகதியில் அவர் ஒருவருக்குத்தான் நேரம் இருந்தது.

பிறகு தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"ரீச்சர், கௌரவம் வாங்கிற ஆள் நாலு மணிக்கு வெயிலுக்கை நிண்டு பாடுறது மரியாதை இல்லை. உதிலை அவரின்ரை பேரை வெட்டிவிடுங்கோ."

"பறவாயில்லை, அவர் ரெண்டையும்..."

"இல்லை இல்லை. பேந்து ஊர் எங்களைத்தான் பேசும். வெட்டுங்கோ."

என்ன சொல்வது? அவருக்கு அது வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதைச் சொல்ல நான் ஓம் என்று கொடுத்த வாக்கு விடாது. கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தேன். நாலு மணிக்கு நேரே இருந்த அண்ணையின் பெயரை என் பேனையாலேயே வெட்டினேன்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேரமுன் செய்தி துறைக்குப் போய்விட்டது. அண்ணை எண்ணெய்க் கையோடு சைக்கிளில் வந்தார். வாசல் படலையிலிருந்தே, "அம்மாள் என்ரை பேரை எடுத்தவவாம்!" என்றார். அந்தக் கரகரத்த குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் மிச்சத்தைச் சொன்னேன். சீட்டு எழுதிய விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப நாலு மணி?" என்று கேட்டார்.

"அதிலை உங்கடை பேரை எடுத்திட்டினம் அண்ணை."

சைக்கிள் மணியில் ஒட்டியிருந்த எண்ணெயை விரலால் துடைத்தார்.

"பறவாயில்லை. கௌரவிப்பு முடிய ஏற்புரை இருக்குந்தானே? மைக்கைத் தருவினம். நன்றி வணக்கம் எண்டு ரெண்டு சொல்லுச் சொல்லிப்போட்டு ஒரு பாட்டை எடுத்து விடுறன். ஆர் மறிக்கிறது? சனமும் நிறைஞ்சிருக்கும். நல்லதுக்குத்தான் நடந்திருக்கு."

அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. நிகழ்ச்சி நிரலில் "ஏற்புரை: ஐந்து நிமிடம்" என்று தடித்த எழுத்தில் அடித்தேன். அண்ணை ஒரு பாட்டைத் தெரிந்தெடுத்து வைத்தார். அப்பா கடலுக்குப் போகும்போது பாடுகிற இரண்டு அடிகளும், மீதிக்கு அண்ணையே கட்டியதும். அதற்குப் பிறகு விழா நாள் வரை குரலைச் சேமித்தார். கடைக்கு வருகிறவர்களோடு கையால்தான் கதை. எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்பதை விரலால் காட்டுவார். அண்ணி என்னிடம், "உந்த மனுசனுக்குப் பட்டம் கிடைக்க முதலே எடுப்பு வந்திட்டுது" என்று சொல்லிச் சிரித்தார்.

கடைசி நாள். அண்ணையும் நானும் மூன்றரை மணிக்கு மைதானத்துக்குப் போனோம். கதிரைகள் நிறைந்திருந்தன. கதிரைகளுக்குப் பின்னால், கடற்கரை மணல் வரைக்கும் சனம். இளம் பாடகரைக் கிட்டத்தில் பார்க்க இடம் பிடிப்பதற்காகப் பருத்தித்துறை, நெல்லியடி, சாவகச்சேரி என்று எங்கேயோ இருந்தெல்லாம் மத்தியானமே வந்து, குடை பிடித்துக்கொண்டும் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டும் இருந்தார்கள். பொழுது போகாத சனம் எதற்கும் கைதட்டத் தயாராக இருந்தது. நடனப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விசிலடித்தார்கள். பிறகு ஊர் இசைக்குழு ஏறியது. அண்ணையின் இடத்தில் வேறு ஒருவர் நின்று அண்ணையின் பாட்டு இரண்டையும் பாடினார். மைதானமே சேர்ந்து கைதட்டியது.

அண்ணை கௌரவிப்புக்குரியவர் என்று முன்வரிசையில், துணி போர்த்த கதிரையில் இருத்தப்பட்டிருந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை. நகக்கண்ணைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்திருந்தார். தன் குழு பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய விரல் மட்டும் முழங்காலில் தாளம் போட்டது. நான் அவர் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

ஐந்தரைக்கு உரைகள் தொடங்கின. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. மூன்று தேசங்களும் நேரில் வந்திருந்தன. ஒவ்வொருவரும் "இரண்டு வார்த்தை" என்று தொடங்கிப் பிறந்த கதை, போன கதை, ஊரை நினைத்து அழுத கதை எல்லாம் சொன்னார்கள். பிறகு கௌரவிப்பு. அண்ணை ஒருவருக்கென்று தொடங்கியது, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் கோபிப்பார் என்று பதினொரு பேராகியிருந்தது. பந்தல் போட்டவருக்குப் பொன்னாடை. பௌசரில் தண்ணீர் கொண்டுவந்து தந்தவருக்குப் பொன்னாடை. அம்மாளே தெரிந்தெடுத்த ஆள் என்பதால் அண்ணை கடைசி.

ஆறே முக்காலுக்குச் சனம் பொறுமையிழந்தது. இளம் பாடகரின் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கிவிட்டது. அவருடைய மனேஜர் மேடைப் படிக்கட்டில் நின்று மணிக்கூட்டைக் காட்டினார். தலைவர் கொழும்பிலிருந்து வந்த அறிவிப்பாளரின் காதுக்குள் ஏதோ கத்தினார். நான் ஓடினேன்.

"அண்ணைக்கு ஏற்புரை இருக்கு. ஐஞ்சு நிமிசம். இஞ்சை பாருங்கோ, அடிச்சிருக்கு" என்று நிரலை நீட்டினேன்.

"ரீச்சர், சனம் கத்திறது கேக்கேல்லையே? கல்லெறிய முதல் முடிக்க வேணும். ஏற்புரை எல்லாம் வெட்டு" என்றார் தலைவர்.

"ஐயோ, அவருக்கு..."

சொல் வாய்க்குள் வந்துவிட்டது. அவருக்கு ஒன்பதாம் நாள் ஒப்பரேஷன். இது ஒரு வசனம், அவ்வளவுதான். சொல்லியிருந்தால் தலைவர் மனிசன்தானே, விட்டிருப்பார். மேடை நடுவில் நின்ற அண்ணை என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம். நான் வாயை மூடினேன்.

மாலை போட்டார்கள். முழங்கால் வரை தொங்குகிற மாலை. அதன்மேல் பொன்னாடை. பட்டம் எழுதிய கண்ணாடிச் சட்டத்தை இடது கையில் கொடுத்தார்கள். அறிவிப்பாளர் பட்டத்தைச் சொல்லிவிட்டு மைக்கோடு அண்ணைக்குப் பக்கத்தில் வந்தார். அண்ணை தொண்டையைச் செருமினார். நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். அவர் பாட்டுக்கு முன் இழுக்கிற மூச்சு அது, எனக்குத் தெரியும். வலது கையை மைக்குக்கு நீட்டினார்.

அறிவிப்பாளர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் ஐயா" என்று சொல்லி, அப்படியே படம் எடுக்கிறவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். வெளிச்சம் நாலைந்து தரம் மின்னியது. அண்ணை இழுத்த மூச்சு இன்னும் உள்ளேதான் இருந்தது. யாரோ முழங்கையில் பிடித்துப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். படியில் ஏறிவந்த இளம் பாடகர் மாலையைக் கண்டு யாரோ எம்.பி. என்று நினைத்திருக்க வேண்டும், குனிந்து கும்பிட்டார். அண்ணையும் கும்பிட்டார்.

அந்தப் பொடியன் நன்றாகவே பாடினான். பாடாமல் இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருக்கும்.

அடுத்த எட்டு நாளில் ஒரு நாள், நான் கடைக்குப் போய், "அண்ணை, எனக்கு ஒருக்காப் பாடிக் காட்டுங்கோவன்" என்றேன்.

"உனக்குப் பாடுறதுக்கோ இவ்வளவு நாளும் குரலைப் பொத்தி வைச்சிருந்தனான்?" என்றார். கோபம் இல்லை. எஞ்சினைக் கயிறு போட்டு இழுத்து முடுக்கினார். அந்தச் சத்தத்தில் நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஒப்பரேஷன் சுகமாக முடிந்தது. இரண்டு கிழமைக்கு ஒரு சத்தமும் போடக்கூடாது, குசுகுசுக்கவும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பாட்டைப் பற்றி நான் கேட்டேன். பொறுத்துப் பார்ப்போம் என்றார். நான் வாங்கிக் கொடுத்த கொப்பியும் பேனையும் அண்ணையின் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தன. அண்ணி தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். அண்ணையால் திட்ட முடியாத நேரம் பார்த்துத்தான் நான் சொன்னேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"அண்ணை, அந்தச் சீட்டு அம்மாள் தந்ததில்லை. நான்தான் உங்கடை பேரை எழுதிப் போட்டனான். அதாலைதான் எல்லாம் குழம்பினது. நான் எழுதாமல் விட்டிருந்தால்..."

அழுகை வந்துவிட்டது. அண்ணை கொப்பியை எடுத்து எழுதித் திருப்பிக் காட்டினார்.

"தெரியும். மூண்டு பேரின்ரை சண்டைக்கு எப்பிடி நாலு சீட்டு வரும்?"

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவரும் சத்தமில்லாமல் சிரித்தார். என் தலையில் கையை வைத்தார். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு தோடம்பழம் உரிக்கத் தொடங்கினேன்.

அவர் கொப்பியைத் திரும்ப எடுத்தார். இந்த முறை எழுத நேரம் எடுத்தது. எழுதிவிட்டுத் தாளைக் கிழித்து, நாலாக மடித்து என் கைக்குள் வைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் பிரித்தேன்.

"நாலு மணிக்கு நல்ல சனம் இருந்தது. பாடியிருப்பன்."